இங்கிலாந்தில் வாடகைக்கு அரச உதவி: கையெழுத்துப் போடுமுன்

"வாடகையைக் கவுன்சில் (உள்ளூராட்சிச் சபை) கட்டும், நீங்கள் யோசிக்க வேண்டாம்" என்று உறவினர் யாராவது சொல்லியிருந்தால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். வேலை செய்யும் வயதில் புதிதாக விண்ணப்பிக்கும் பெரும்பாலோருக்கு இப்போது வாடகை உதவி, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அரசு மாதாமாதம் கொடுக்கும் யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவிப் பணத்துக்குள்ளேயே வருகிறது. பணம் உங்கள் வங்கிக் கணக்கில் விழும். வீட்டுக்காரருக்குச் செலுத்துவது உங்கள் பொறுப்பு.

முதலில் விசாவைப் பாருங்கள். அரச நிதியுதவி பெற முடியாது என்ற நிபந்தனை அதில் இருந்தால் சட்ட ஆலோசனை பெறாமல் விண்ணப்பிக்கவே வேண்டாம். பிறகு விசாவுக்கே சிக்கலாகும். அகதி அந்தஸ்து கிடைத்தவர்கள் விண்ணப்பிக்கலாம், தள்ளிப்போடாமல் செய்யுங்கள். முதல் பணம் வர ஏறத்தாழ ஐந்து வாரம் ஆகும். இடையில் முற்பணம் கேட்கலாம். அது கடன்தான், பின்னர் மாதாமாதம் கழித்துக்கொள்வார்கள்.

பலர் சறுக்குவது தொகையில். தனியார் வீட்டில் இருப்பவருக்கு வாடகை முழுவதும் கிடைக்கும் என்று இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும், அறைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஓர் உச்சவரம்பு உண்டு. அப்பகுதி வாடகைகளை மலிவானதிலிருந்து அடுக்கினால், கீழிருந்து 30 வீதத்தில் நிற்கும் தொகையை வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள். 2024 ஏப்ரலில் உயர்த்தினார்கள். அடுத்த ஆண்டு அப்படியே விட்டுவிட்டார்கள். வாடகை ஏறாமல் நின்றதா என்ன?

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், வயது 27, தனிக்கட்டை. மாதம் 1,200 பவுணுக்கு ஒரு சிறிய வீட்டை எடுத்தார். வந்த உதவி அதில் பாதியளவுதான். 35 வயதுக்குக் குறைந்த, பிள்ளைகள் இல்லாத தனியாளுக்குப் பொதுவாக, பலர் சேர்ந்திருக்கும் வீட்டில் ஓர் அறைக்கான தொகையே கிடைக்கும். சில விதிவிலக்குகள் உண்டு. அவர் எதிலும் அடங்கவில்லை. அரசின் இணையத்தளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் உச்சவரம்பு தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை, அதை ஒப்பந்தத்துக்கு முன் செய்யுங்கள்.

அண்ணன் வீட்டு மேல்மாடியில் இருந்துகொண்டு அவருக்கே வாடகை கொடுப்பதாக விண்ணப்பிக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒரே வீட்டில் வசிக்கும் நெருங்கிய உறவினருக்குக் கொடுக்கும் வாடகைக்கு உதவி கிடைக்காது. சீட்டு எடுத்து வங்கியில் போட்ட பணமும் சேமிப்பாகவே பார்க்கப்படும்: 6,000 பவுணைத் தாண்டினால் உதவி குறையும், 16,000க்கு மேல் போனால் கிடையாது.

"டி.எஸ்.எஸ். ஆட்களுக்கு வீடு இல்லை" என்று முகவர்கள் சொல்வதையும் கேட்பீர்கள். அரச உதவி பெறுபவர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்தப் பெயரிலிருந்த சமூகப் பாதுகாப்புத் திணைக்களம் 2001இலேயே போய்விட்டது. பேச்சில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. உதவி பெறுபவர் என்பதற்காகவே எல்லோரையும் ஒதுக்குவது சட்டவிரோதப் பாகுபாடு என்று 2020இல் யோர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படி மறுத்தால் மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுப் பிரச்சினைகளில் உதவும் ஷெல்ட்டர் என்ற தொண்டு அமைப்பிடம் பேசலாம்.