பாடநூலைப் பக்கம் பிரிப்பது திட்டமிடல் ஆகுமா? மலையகப் பாடசாலைகள் தவிர்க்க வேண்டிய கலைத்திட்டத் தவறுகள்

முதலாம் தவணை தொடங்கும் வாரத்தில் இலங்கையின் மலையகப் பாடசாலைகள் பலவற்றின் ஆசிரியர் அறைகளில் ஒரே வேலைதான் நடந்துகொண்டிருக்கும். பாடநூலின் பொருளடக்கத்தை விரித்து வைத்து, அதிலுள்ள பாடங்களை மூன்று தவணைகளுக்கும் பங்கிட்டு, வாரத்துக்கு இத்தனை பாடவேளை என்று கட்டங்களை நிரப்பி, தவணைத் திட்டம் என்ற பெயரில் அதிபரின் கையொப்பத்தைப் பெற்றுவிடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்துவந்தேன். அந்தத் திட்டத்தில் பாடநூல் இருந்தது, நாட்காட்டியும் இருந்தது. ஆனால் என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எது தெரியாது என்பதை எழுத அதில் ஒரு கட்டம்கூட இருக்கவில்லை. பிள்ளைகளின் கற்றல் உயராமல் போவதற்கான காரணங்களுள் நம் கைக்கு எட்டியது இதுவே என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். கீழே சொல்லப்படும் பிற தவறுகளும் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

கலைத்திட்டம் என்பது மகரகமையில் செய்து முடிக்கப்பட்ட காரியம், அதைக் கற்பிப்பது மட்டுமே நம் வேலை என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். 1985 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்டு மகரகமையில் இயங்கும் தேசிய கல்வி நிறுவகம் பாடவிதானத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் தயாரிக்கிறது; பாடநூலைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் வெளியிடுகிறது. அவற்றை மாற்றும் அதிகாரம் நமக்கு இல்லை என்பது உண்மைதான். ஆயினும் எதை முன்னே கற்பிப்பது, எதில் கூடுதல் நாள் தங்குவது, எந்த உதாரணத்திலிருந்து தொடங்குவது, பிள்ளைக்கு விளங்கியதா என்பதை எப்போது எப்படிப் பார்ப்பது என்பவை எல்லாம் பாடசாலையின் கையில்தான் இருக்கின்றன. 2007 இல் தரம் 6 இலும் தரம் 10 இலும் தொடங்கிய தேர்ச்சிமையக் கலைத்திட்டம் இந்த இடத்தை இன்னும் அகலமாக்கியது. பிள்ளை அடைய வேண்டியது தேர்ச்சி. பாடநூல் அதற்கான கருவிகளுள் ஒன்று. ஆனால் பாடநூலின் கடைசிப் பக்கத்தை எட்டுவதையே இலக்காக வைத்து ஓடுகிறோம், தேர்ச்சி மட்டங்களை எழுதி வைத்திருக்கும் ஆசிரியர் வழிகாட்டியோ அலுமாரியில் தூங்குகிறது.

ஆசிரியர் பயிற்சியின்போது அமெரிக்கக் கல்வியியலாளர் ரால்ஃப் டைலர் 1949 இல் முன்வைத்த நான்கு கேள்விகளை நம்மில் பலர் மனனம் செய்திருப்போம். எந்த நோக்கங்களை அடைய வேண்டும், அவற்றுக்கு எவ்வகைக் கற்றல் அனுபவங்களைத் தர வேண்டும், அவற்றை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது, நோக்கங்கள் நிறைவேறினவா என்று எப்படி அறிவது என்பவையே அவை. தவணைத் திட்டம் எழுதும்போது மூன்றாவது கேள்விக்கு மட்டும் விடை எழுதிவிட்டு எழுந்துவிடுகிறோம்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. நாட்டின் பிற பகுதிகளில் இலவசக் கல்வி 1945 முதல் வேரூன்றியபோது, தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் கீழேயே தங்கிவிட்டன. 1970களில்தான் அவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. ஒரே கூரையின் கீழ், ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள் என்று நடந்த பாடசாலைகளில் இருந்த ஒரே பற்றுக்கோடு புத்தகம்தான். அந்தக் காலத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கற்பித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இன்று பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் இருக்கும் பாடசாலைகளிலும் அதே முறை தொடர்வதுதான் கவலை தருகிறது.

அடுத்த தவறு, முன்னறிவைப் பார்க்காமல் புதிய அலகைத் தொடங்குவது. இதை எனக்கு உணர்த்தியவன் தரம் 7 மாணவன் ஒருவன். பின்னங்களின் கூட்டலுக்கு இரண்டு வாரம் ஒதுக்கியிருந்தேன். முதல் நாளே 1/2 ஐயும் 1/3 ஐயும் கூட்டி 2/5 என்று கொப்பியில் எழுதியிருந்தான். எப்படி வந்தது என்று கேட்டேன். “மேல மேல கூட்டினேன், கீழ கீழ கூட்டினேன் சேர்” என்றான். பொது மடங்கை மறுபடி விளக்கத் தொடங்கிய நான், ஏதோ தோன்றி நிறுத்திவிட்டு, “அரை ரொட்டி வச்சிருக்க. இன்னும் கொஞ்சம் ரொட்டி குடுத்தா, அரையைவிடக் கூடுமா குறையுமா?” என்று கேட்டேன். “கூடத்தானே வேணும் சேர்” என்றான். “அப்போ 2/5 அரையைவிடக் கூடவா?” என்றதும் கொப்பியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியவில்லை. 2/5 என்பதை அவன் ஓர் அளவாக ஒருபோதும் கண்டதில்லை. கோட்டுக்கு மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்று மட்டுமே கண்டிருந்தான். தரம் 7 இல் நான் ஒதுக்கிய இரண்டு வாரமும் அவனுக்குப் பயன்பட வழியில்லை, ஏனெனில் அவனுடைய இடைவெளி ஆரம்பப் பிரிவிலேயே தொடங்கியிருந்தது. விகிதம், சதவீதம், பின்னால் வரும் அட்சரகணிதப் பின்னங்கள் ஆகிய அனைத்தும் அந்த இடைவெளியின் மேல்தான் கட்டப்படவிருந்தன.

அன்று முதல் ஒவ்வோர் அலகின் எதிரிலும் “இதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது” என்று ஒரு நிரலைச் சேர்த்துக்கொண்டேன். அந்த நிரலில் இரண்டு மூன்று கருத்துகளுக்கு மேல் வேண்டாம். அலகு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னதாக, பத்து நிமிடத்தில் முடியும் நான்கைந்து கேள்விகளால் அவற்றைச் சோதித்தால் போதும். புள்ளி போடத் தேவையில்லை. யாருக்கு எது இல்லை என்று தெரிந்தால், பரிகாரக் கற்பித்தலை ஆண்டிறுதிக்குத் தள்ளிவைக்காமல் அலகின் முதல் இரு பாடவேளைகளிலேயே செய்துவிடலாம். ஒரே கருத்து தரம் தோறும் சற்று ஆழமாகத் திரும்பி வருவதையே சுருளிக் கலைத்திட்டம் என்கிறோம்; கீழ்ச் சுற்று அறுந்திருந்தால் மேற்சுற்று அந்தரத்தில்தான் நிற்கும்.

மலையகத்தில் இதைச் செய்வதற்கு ஒரு தனித் தடை இருக்கிறது. பல தோட்டங்களில் தரம் 5 வரையான சிறிய பாடசாலை மட்டுமே உண்டு. தரம் 6 க்குப் பிள்ளை வேறொரு பெரிய பாடசாலைக்குப் போகிறது. நான்கைந்து சிறிய பாடசாலைகளிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். அவர்களைக் கற்பித்த ஆரம்பப் பிரிவு ஆசிரியரும் தரம் 6 ஆசிரியரும் ஒருவரையொருவர் சந்தித்ததே இருக்காது. இந்தச் சந்திப்பை யாராவது ஒழுங்குசெய்வார்கள் என்று காத்திருப்பதும் ஒரு தவறுதான். பிள்ளைகளை அனுப்பும் ஊட்டப் பாடசாலைகளின் தரம் 5 ஆசிரியர்களை ஆண்டுக்கு ஒரு நாள், அரை நாளாவது, பெரிய பாடசாலையின் அதிபர் அழைத்து உட்காரவைக்கலாம். ஆரம்பப் பிரிவின் ஒவ்வொரு முதன்மை நிலைக்கும் அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பட்டியலை நடுவில் வைத்து, எந்தப் பிள்ளை எதில் நிற்கிறது என்று பேசினாலே தரம் 6 இன் முதல் தவணை வேறு வடிவம் எடுக்கும்.

மொழியைத் தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் உரியதாக நினைத்துத் திட்டமிடுவது இன்னொரு பெருந்தவறு. விஞ்ஞானப் பாடநூலைத் திறக்கும் பிள்ளை ஆவியாதல், ஒளித்தொகுப்பு, ஒட்சியேற்றம் என்ற சொற்களைச் சந்திக்கிறது. வீட்டிலும் தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலிலும் அது பேசும் தமிழில் இவை இல்லை. ஆனால் அந்தச் சொற்கள் குறிக்கும் பல நிகழ்வுகளை அது நாள்தோறும் பார்க்கிறது. பறித்த தேயிலைக் கொழுந்து தொழிற்சாலை மாடியில் காற்றோட்டத்தில் வாடி நீரை இழப்பதையும், அரைத்த பின் பச்சை நிறம் செம்புநிறமாக மாறுவதையும் தொழிற்சாலையில் வேலை செய்யும் தகப்பனிடம் கேட்டாலே சொல்லிவிடுவார். வாடுவதில் ஆவியாதல் இருக்கிறது, நிறம் மாறுவதில் ஒட்சியேற்றம் இருக்கிறது. பிள்ளைக்குத் தெரிந்த நிகழ்வை முதலில் அதன் சொற்களில் பேசவிட்டு, பிறகு பாடநூலின் கலைச்சொல்லை அதன்மேல் வைக்கும் ஒழுங்கைத் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். அலகுக்கு எட்டு அல்லது பத்துச் சொற்கள் என்று முன்கூட்டியே தெரிவுசெய்து, வகுப்பில் அவற்றைச் சொல்லவும் எழுதவும் நேரம் ஒதுக்காவிட்டால், விடை தெரிந்த பிள்ளையும் வினாத்தாளின் கேள்வி விளங்காமல் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டுப் போகும்.

சூழலிலிருந்து உதாரணம் எடுப்பதிலும் இரு பக்கமும் தவறலாம். சிலர் எடுப்பதே இல்லை. மழை நாளில் 24 கிலோ கொழுந்துக்கு ஈரத்துக்கென்று 3 கிலோ கழிக்கிறார்கள், மற்றொரு நாளில் 18 கிலோவுக்கு 2 கிலோ கழிக்கிறார்கள் என்றால், எந்த நாளில் கொழுந்து பறிக்கும் தாய்க்கு வீதப்படி கூடுதல் நட்டம் என்ற கேள்வி, சதவீதம் எதற்கு என்பதை ஒரே பாடவேளையில் விளக்கிவிடும். முன்னதில் 12.5 சதவீதம், பின்னதில் ஏறத்தாழ 11.1 சதவீதம். அதேபோல ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து தேவைப்படுகிறது என்ற செய்தி விகிதத்துக்கு உயிருள்ள உதாரணம். வேறு சிலரோ எல்லாப் பாடத்திலும் தேயிலையையே நிறைத்துவிடுகிறார்கள். பெற்றோருள் கொழும்புக் கடைகளில் நிற்பவர்கள், மரக்கறித் தோட்டம் செய்பவர்கள், வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் என்று பலர் இருக்கிறார்கள். பிள்ளைகளின் ஆசைகளும் மலைகளுக்கு அப்பால் விரிகின்றன. தெரிந்ததில் தொடங்கித் தெரியாததற்குக் கூட்டிப்போகவே சூழல் உதாரணம் வேண்டும்; பிள்ளையைக் கொழுந்துக் கூடைக்குள்ளேயே வைத்திருக்க அதைப் பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

காலத்தைக் கணக்கிடும்போது மழையை மறந்துவிடுகிறோம். மஸ்கெலியா, வட்டவளை, ஹற்றன் பக்கங்களில் தென்மேற்குப் பருவமழை ஜூன், ஜூலையில் விடாமல் பெய்யும். தகரக் கூரையில் அந்த மழை இறங்கும்போது முன்வரிசைப் பிள்ளைக்கே ஆசிரியரின் குரல் கேட்காது. அந்த வாரங்களில் செவிமடுத்தல் பயிற்சியையும் நீண்ட விளக்கத்தையும் வைத்தால் அவை வீண்போகும். குழு வேலை, வாசிப்பு, எழுத்து ஆகியவற்றை அங்கே வைக்கலாம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் பெருமழை வடகீழ்ப் பருவத்தோடு நவம்பர் முதல் ஜனவரி வரை வருவதால், ஹற்றனில் எழுதிய திட்டத்தைப் படியெடுத்து அந்த ஊவா மாகாணத்தில் பயன்படுத்த முடியாது. காமன் கூத்தும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவும் வரும் நாட்களில் வரவு குறைவது எல்லோருக்கும் தெரிந்ததே. அதைத் தெரிந்துகொண்டே அந்த வாரத்தில் புதிய அலகைத் தொடங்கிவிட்டுப் பிறகு பிள்ளைகளைக் கடிவது நியாயமில்லை. தவணைக்கு இரண்டு வாரத்தையாவது எதையும் எழுதாமல் வெறுமையாக விட்டுவையுங்கள். மீட்டலுக்கும் தவறிய பாடங்களுக்கும் அவை நிச்சயமாகத் தேவைப்படும்.

கணிப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பாடசாலை மட்டக் கணிப்பீடு பல இடங்களில் படிவம் நிரப்பும் வேலையாகச் சுருங்கிவிட்டது. தவணைப் பரீட்சை முடிந்ததும் வகுப்பின் சராசரிப் புள்ளியை எடுத்து, சென்ற தவணையோடு ஒப்பிட்டு நிறுத்திக்கொள்கிறோம். சராசரி 38 என்பதால் அடுத்த திங்கட்கிழமை என்ன கற்பிப்பது என்று யாருக்கும் தெரியாது. எந்தக் கேள்வியில் வகுப்பின் பாதிப் பேர் தவறினார்கள், என்ன விதமாகத் தவறினார்கள் என்று பார்த்தால் தெரியும். விடைத்தாள்களைத் திருத்தும்போதே பக்கத்தில் ஒரு தாளை வைத்துக் கோடு போட்டுக்கொண்டு போனால் தனியாக நேரமும் செலவாகாது.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காகத் தரம் 4 இலிருந்தே சித்திரம், சங்கீதம், விளையாட்டு, சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் ஆகியவற்றின் பாடவேளைகளைப் பிடுங்கி மாதிரி வினாத்தாள்களுக்குக் கொடுப்பதும் கலைத்திட்டத் தவறே. வகுப்பில் ஒரு சிலரே வெட்டுப்புள்ளியைத் தாண்டுவார்கள். மீதிப் பிள்ளைகளும் அந்த இரண்டு ஆண்டுகளை இழந்துவிடுகிறார்கள்.

இறுதியாக, இடமாற்றம். ஓர் ஆசிரியர் மூன்று நான்கு ஆண்டுகளில் ஒரு வகுப்பின் பலம், பலவீனம் எல்லாவற்றையும் அறிந்திருப்பார். மாற்றம் வந்ததும் அந்த அறிவு அவரோடு பேருந்தேறிப் போய்விடுகிறது. புதியவர் மீண்டும் பொருளடக்கத்தைத் திறக்கிறார். இதைத் தவிர்க்க நாங்கள் பாடத்துக்கு ஒரு சீ.ஆர். கொப்பியை (தடித்த அட்டையுள்ள பெரிய குறிப்பேட்டை) அதிபரின் அலுமாரியில் வைக்கத் தொடங்கினோம். ஒவ்வோர் அலகுக்கும் ஒரு பக்கம். திட்டமிட்ட பாடவேளை எத்தனை, உண்மையில் சென்றது எத்தனை, எந்த உதாரணம் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது, எந்தத் தவறு திரும்பத் திரும்ப வந்தது என்ற நான்கு செய்திகளை மட்டும் எழுத வேண்டும். கணிதக் கொப்பியில் தரம் 7 பின்னங்களுக்குரிய பக்கத்தில் எனக்குப் பின் வந்த ஆசிரியை சிவப்பு மையில் ஒரு வரி சேர்த்திருந்தார்: “கூட்டல் தொடங்குமுன் எண்கோட்டில் 2/5, 1/2 இரண்டையும் குறிக்கச் சொல்லிப் பார்க்கவும், இம்முறை ஒன்பது பேருக்குத் தெரியவில்லை, மூன்று பாடவேளை எடுத்தது.”