கிராமத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள் காட்டுயிர்களிடம் செய்யும் தவறுகள்

நகரத்தை விட்டுக் கிராமத்துக்கோ தோட்டத்து வீட்டுக்கோ குடிபோகிறவர்களுக்கு, முதல் சில மாதங்களில் கண்ணில் படும் பாம்பும் குரங்கும் வௌவாலும் தங்கள் இடத்துக்குள் அத்துமீறி வந்தவையாகவே தோன்றுகின்றன. பயம் வந்ததும், அந்த விலங்கை எப்படி விரட்டுவது, யாரைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்வது என்றுதான் விசாரிக்கிறார்கள். அது எதைத் தேடி வந்தது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இரை, தண்ணீர், ஒதுங்க இடம் ஆகிய மூன்றில் ஒன்றுக்காகவே பெரும்பாலான உயிரினங்கள் ஒரு வீட்டை நெருங்குகின்றன. அந்த மூன்றையும் பெரும்பாலும் நாமே முற்றத்தில் வைத்திருக்கிறோம். அதைக் கவனிக்காமல் விடுவதுதான் முதல் தவறு என்றும், மற்றவற்றுள் பல அதிலிருந்தே பிறக்கின்றன என்றும் நான் கருதுகிறேன்.

பாம்பை எடுத்துக்கொள்வோம். வீட்டைச் சுற்றிப் பூண்டுச் சாறு தெளிப்பது, கந்தகத்தூள் தூவுவது, கார்பாலிக் அமிலம் ஊற்றுவது என்று பணத்தையும் உழைப்பையும் செலவிடுகிறவர்கள் பலர். இவை பாம்பை நம்பத்தக்க வகையில் தடுப்பதில்லை. கார்பாலிக் அமிலமோ குழந்தைகளின் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும் நஞ்சு. பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும். எலி வருவது மூடாத தானிய மூட்டைக்கும், இரவு முழுவதும் தட்டில் கிடக்கும் நாயின் மிச்சச் சோற்றுக்கும், கோழித் தீவனத்துக்கும், குப்பைக்குழிக்கும். சுவரோரம் சாய்த்து வைத்த விறகு, ஓட்டுக் குவியல், கட்டட வேலையில் மிஞ்சிய செங்கல் ஆகியவை எலி, பாம்பு இரண்டுக்கும் வசதியான இருப்பிடங்கள். ஒரு பென்சில் நுழையும் இடைவெளி இருந்தால் சுண்டெலி உள்ளே வந்துவிடும். பின்கதவின் அடியில் இருக்கும் அந்த இடைவெளிக்கு ஒரு ரப்பர் பட்டை அடிப்பது எந்தப் பாம்பு விரட்டியையும்விட மேலான காரியம்.

அப்படியும் பாம்பு வந்துவிட்டால் அதை அடிக்கவோ பிடிக்கவோ முனைவது அடுத்த தவறு, ஆபத்தானதும்கூட. ஒருமுறை விறகுக் குவியலுக்குப் பின்னால் ஆளுயரச் சாரைப்பாம்பு ஒன்று கிடந்தது. தடி எடுக்கப் போனவர்களை நிறுத்திவிட்டு, நாலைந்து மீட்டர் தள்ளி நின்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது தலையைச் சற்றே தூக்கி, நாக்கை நீட்டி நீட்டி இழுத்து, எங்களிடமிருந்து எந்த அசைவும் இல்லை என்று தெரிந்ததும், கழிவுநீர் வாய்க்காலை ஒட்டி மெல்ல நகர்ந்து வேலிக்கு அப்பால் போயிற்று. மொத்தம் இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வெளியேற வழி கண்ட பாம்பு பெரும்பாலும் போய்விடும். மூலையில் மடக்கப்பட்ட பாம்புதான் திருப்பிக் கடிக்கும். வெட்டுண்ட பாம்பின் தலை இறந்த பிறகும் சிறிது நேரம் அனிச்சையாகக் கடிக்கக்கூடும் என்பதால், ‘செத்ததுதானே’ என்று கையால் எடுப்பதும் உயிருக்கு உலை வைக்கும். வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டால், அந்த அறையின் உட்கதவைச் சாத்தி, அடியிலுள்ள இடைவெளியைத் துணியால் அடைத்துவிட்டு, பயிற்சி பெற்ற மீட்பாளரை அழைப்பதே சரி.

விஷமுள்ளது எது, இல்லாதது எது என்று படத்தைப் பார்த்து முடிவுகட்டும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று எண்ணிக் கையில் எடுத்தவர்கள் உண்டு. கட்டுவிரியனையும் அதைப் போலவே வரிகளுள்ள விஷமற்ற பாம்புகளையும் பிரித்தறியப் பழகிய கண்ணே தடுமாறும். தெற்காசியாவில் கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்து உறங்குபவர்களைக் கடிப்பது அதிகம். வலி குறைவாக இருப்பதால் கடித்ததே தெரியாமல் போய், விடியற்காலையில் வயிற்றுவலியும் கண்ணிமை தொங்குவதும் தொடங்கிய பிறகே ஆபத்து புரிகிறது. கட்டிலில் படுப்பதும், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகுவதும், இருட்டில் டார்ச் இல்லாமல் முற்றத்தில் இறங்காதிருப்பதும் சின்னப் பழக்கங்கள்தான், ஆனால் உயிர் காப்பவை.

கடிபட்டவருக்குச் செய்யப்படும் தவறுகள் இன்னும் கொடியவை. கடிவாய்க்கு மேலே கயிற்றை இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை தேடி நேரத்தைப் போக்குவது ஆகிய எதுவும் விஷத்தை வெளியேற்றாது. இறுகிய கட்டு காலையோ கையையோ அழுகச் செய்துவிடும். மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உலகில் ஆண்டுதோறும் 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக்கடியால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அருகில் எந்த மருத்துவமனையில் அந்த மருந்து இருக்கிறது என்பதைக் குடிபோன வாரத்திலேயே விசாரித்து, கைப்பேசி எண்ணோடு குறித்து வைக்காதவர்கள் இன்றே அதைச் செய்துவிடுங்கள்.

எலியைக் குறைக்க வேண்டும் என்றதும் பலர் விஷக்கட்டிகளை வாங்கி வைத்துவிடுகிறார்கள். இரத்தம் உறையாமல் செய்யும் அந்த மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரிந்தே சாகிறது. அப்படித் தள்ளாடும் எலி ஆந்தைக்கும் பாம்புக்கும் கீரிக்கும் எளிதில் அகப்படும் இரை. விஷம் அவற்றின் உடலிலும் சேர்கிறது. எலியைத் தின்று நமக்கு உதவிய உயிர்களையே கொன்றுவிட்டு, அடுத்த பருவத்தில் எலி பெருகிவிட்டதென்று மறுபடியும் விஷம் வாங்குகிற நிலைக்கு இது கொண்டுபோய் விடுகிறது. கூண்டுப்பொறியும், இறுக மூடிய தகர டப்பாவும் மெதுவாகத்தான் பலன் தரும். என்றாலும் அவையே நல்ல வழி.

இரக்கத்தால் செய்யும் தவறுகளையும் சொல்லியாக வேண்டும். தரையில் தத்தித் தத்திப் போகும் குஞ்சைக் கண்டதும், கூட்டிலிருந்து விழுந்துவிட்டது என்று எண்ணி அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குள் கொண்டுவருபவர்கள் ஏராளம். உடம்பெல்லாம் இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, வாயோரத்தில் மஞ்சள் மடிப்பு இன்னும் மறையாமல் இருந்தால், அது பறக்கப் பழகிக்கொண்டிருக்கும் குஞ்சு. தாயும் தந்தையும் பக்கத்துக் கிளையில் புழுவை அலகில் கவ்விக்கொண்டு, நாம் விலகுவதற்காகவே காத்திருக்கும். பூனையையும் நாயையும் கட்டிப்போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதே அதற்கு நாம் செய்யும் உதவி. இறகே முளைக்காத குஞ்சாக இருந்தால் கூட்டில் திருப்பி வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்பது தவறான நம்பிக்கை. முயல், மான் குட்டிகளிலும் இதே கதைதான். குழி தோண்டி வாழாத காட்டு முயல், மோப்பம் பிடிக்கும் எதிரிகளுக்கு இடம் தெரிந்துவிடாதிருக்க, நாளில் ஒரே ஒருமுறை, பெரும்பாலும் அந்தி சாய்ந்த பிறகு வந்து பாலூட்டிச் செல்லும். பகலெல்லாம் புல்லில் தனியே அசையாமல் கிடக்கும் குட்டியை அநாதை என்று எண்ணித் தூக்கி வந்தால், தாயிருந்தும் அதை நாமே பிரித்தவர்கள் ஆகிறோம்.

குரங்குக்கு உணவு கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு, ஏனென்றால் அதன் விலையைக் கொடுப்பவர் மட்டும் செலுத்துவதில்லை. முதல் நாள் கையிலிருந்து வாங்கித் தின்ற குரங்கு, சில வாரங்களில் பையைப் பறிக்கும். பிறகு ஜன்னலைத் திறக்கக் கற்றுக்கொள்ளும். கடைசியில் ஊரே சேர்ந்து அதைப் பிடித்துக் கொண்டுபோகச் சொல்லும். கொடுத்தவர் வீடு மாறிப் போய்விட்டாலும், பழகிய கூட்டம் அங்கேயே இருக்கும். எதிர்ப்பட்டால் கண்ணோடு கண் நோக்குவதும், பல்லைக் காட்டிச் சிரிப்பதும் வேண்டாம்; அவற்றின் மொழியில் அவை சண்டைக்கு அழைப்பதாகப் படலாம்.

கூரையில் வௌவால் தங்கியிருந்தால், குட்டிகள் பறக்கத் தொடங்குவதற்கு முன் ஓட்டையை அடைத்துவிடக் கூடாது. தாய் வெளியே மாட்டிக்கொள்ள, குட்டிகள் உள்ளேயே மடியும். வௌவாலையோ, வழக்கத்துக்கு மாறாகச் சாதுவாக நடக்கும் நரி, கீரி போன்ற எதையுமோ வெறுங்கையால் தொடாதீர்கள். கடியோ கீறலோ பட்டால், சின்னக் காயம்தானே என்று விட்டுவிடாமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வெறிநோய்த் (ரேபிஸ்) தடுப்பூசிக்குப் போக வேண்டும். வெறிநோயின் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற வழி அநேகமாக இல்லை. தேனீயோ குளவியோ சூழ்ந்துகொண்டால் கையை வீசி அடிக்காமல், முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடி அறைக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். நசுங்கிய தேனீயிடமிருந்து வரும் வாசனை மற்றவற்றையும் கொட்ட அழைக்கும்.

நம்மோடு குடிவரும் நாயைப் பற்றியும் யோசிக்க வேண்டும். தடுப்பூசி போடாமல் அவிழ்த்துவிட்ட நாய் கூடுகளைக் கலைப்பதோடு நோயையும் பரப்புகிறது; 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிக் காட்டுப்பகுதியில் சிங்கங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கைக் கொன்ற, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ், சுற்றியிருந்த ஊர்களின் வளர்ப்பு நாய்களிடையே புழங்கிய நோயோடு தொடர்புடையது. வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவதை எக்காரணத்தாலும் நினைத்தும் பார்க்கக் கூடாது. அது பன்றியையும் கொல்லும், விடியற்காலையில் அவ்வழியே வரும் பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் கொல்லும். கைப்பிடிச் சுவரில்லாத கிணறு இருந்தால் சுவர் எழுப்புங்கள். வழவழப்பான சிமெண்ட் தொட்டி இருந்தால், சொரசொரப்பான பலகை ஒன்றை நீருக்குள்ளிருந்து விளிம்பு வரை சரிவாகச் சாய்த்து வைத்துவிடுங்கள். தண்ணீர் குடிக்க வந்து தவறி விழும் அணிலும் ஓணானும் இரவோடு இரவாக அதைப் பிடித்து ஏறிப் போய்விடும்.