கோணமாமலையிலிருந்து மணல் புளொக் விழுந்தால்: மைன்கிராஃப்ட் ஈர்ப்பில் தவிர்க்க வேண்டிய பிழைகள்

கனசதுரக் கட்டிகளை (புளொக்) அடுக்கி உலகம் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்டில் திருகோணமலைப் பிள்ளைகள் கோணமாமலையைக் கட்டினால், அதன் பாறைப் பிளவான இராவணன் வெட்டின் விளிம்பிலிருந்து எதையாவது கீழே போட்டுப் பார்க்காமல் விடமாட்டார்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பவர் பக்கத்தில் இருந்தால், பூமியின் ஈர்ப்பு ஆர்முடுகலான 9.8ஐப் பிரதியிட்டு எத்தனை செக்கனில் விழும் என்று கணக்கும் போடுவார். கணக்குப் பிழைக்கத் தொடங்குவது அங்கேதான். கீழே வரும் எண்கள் எல்லாம் கணினியில் ஓடும் ஜாவா பதிப்புக்கு உரியவை.

முதல் பிழை அலகு மாற்றத்தில் வரும். விளையாட்டு தன் நேரத்தை 'டிக்' என்ற சிறு படிகளாக எண்ணி, செக்கனுக்கு 20 டிக் வீதம் ஓடுகிறது. விளையாடுபவரின் ஈர்ப்பு டிக் வர்க்கத்துக்கு 0.08 புளொக், ஒரு புளொக் ஒரு மீற்றர். இதை 20ஆல் ஒரு தடவை மட்டும் பெருக்குவோர் பலர். 1.6 வரும். அது சந்திரனின் ஈர்ப்பு என்பதால் விடை நம்பும்படியாகவும் இருக்கும்! ஆர்முடுகலில் நேரம் வர்க்கமாக இருப்பதால் பெருக்க வேண்டியது 400ஆல். சரியான விடை 32 மீ/செ², பூமியைவிட மூன்று மடங்குக்கும் மேல்.

அந்த 32ஐ எல்லாப் பொருளுக்கும் போடுவது அடுத்த பிழை. மணல், சரளை, பட்டடை, பற்றவைத்த டிஎன்டி வெடிபொருள் ஆகியவற்றுக்கு 0.04, அதாவது 16 மீ/செ². அம்புக்கு 0.05, பனிப்பந்துக்கு 0.03. திணிவு என்று ஒன்று இந்த விளையாட்டில் கிடையாது. பட்டடை மணலை முந்தாததற்குக் காரணம் கலிலியோ அல்ல, இரண்டுக்கும் ஒரே எண்ணை எழுதி வைத்திருப்பதுதான்.

இதைவிட ஆழமான குழி வளித்தடை. வீழ்ச்சி வேகம் ஒவ்வொரு டிக்கிலும் 0.98ஆல் பெருக்கப்படுகிறது, அம்புக்கும் பனிப்பந்துக்கும் 0.99. அதனால் மணலின் முடிவு வேகம் (விழும்போது அதற்கு மேல் கூடாத வேகம்) செக்கனுக்கு ஏறத்தாழ 40 மீற்றர், விளையாடுபவருக்கு 78. உண்மையில் ஒரு கன மீற்றர் உலர்ந்த மணல் 1600 கிலோ அளவில் இருக்கும். அது சிதறாமல் விழுந்தால் முடிவு வேகம் 150ஐத் தாண்டும். நூறு மீற்றர் வீழ்ச்சியில் வளித்தடையை மறந்தாலும் பெரிய குறையில்லை.

விளையாட்டில் மறந்தால் என்ன நடக்கும்? 20 புளொக் உயரத்திலிருந்து மணல் 1.75 செக்கனில் விழுகிறது, பூமியில் 2.02. 50 புளொக்குக்குச் சுமார் 2.95, பூமியில் 3.19. 100 புளொக்குக்கு 4.55, பூமியில் 4.52. 200க்கு 7.3, பூமியில் 6.4. மலை உச்சி கடலிலிருந்து நூறு மீற்றர் அளவு என்று கட்டி, அங்கே மட்டும் அளந்தவர் "விளையாட்டு பூமியைப் போலவே இருக்கிறது" என்று சத்தியம் செய்வார். இரண்டு வளைகோடுகள் தற்செயலாகச் சந்திக்கும் இடம் அது, அவ்வளவுதான். குறைந்தது மூன்று உயரங்களில் அளக்காமல் எதையும் முடிவு கட்டக்கூடாது.

அளப்பதற்குக் கைக்கடிகாரம் வேண்டாம். கணினி திணறினால் டிக் வீதம் 20க்குக் கீழே இறங்கும். கடிகாரம் அதை அறியாது. 1.20.3 பதிப்பு முதல் டிக்கை உறையவைத்து, ஒவ்வொன்றாக நகர்த்தும் கட்டளை இருக்கிறது. உறையவைத்து, மணலுக்குக் கீழே உள்ள புளொக்கை உடைத்து, நகர்த்தியபடி எண்ணுங்கள். தாங்கல் போனதும் மணல் உடனே விழாது, 2 டிக் தாமதிக்கும், அதைக் கழித்துவிடுங்கள். விழும் இடத்தில் முழுப் புளொக் இருக்க வேண்டும். தீப்பந்தமோ அரைப் புளொக்கோ இருந்தால் மணல் பொருளாக உதிர்ந்துவிடும்.

இனி, ஈர்ப்பையே பூமிக்கு மாற்ற நினைப்பவர்களுக்கு. 1.20.5 பதிப்பு முதல் விளையாடுபவரின் ஈர்ப்பு, கட்டளையால் மாற்றக்கூடிய ஒரு பண்பாக வந்துவிட்டது. 9.8ஐ 400ஆல் வகுத்தால் 0.0245. அதைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எழும்பினால் மூன்று விடயங்கள் கெடும்.

ஒன்று, பாய்ச்சல். பாயும் வேகம் டிக்குக்குப் பழைய 0.42 புளொக்காகவே இருப்பதால் 1.25 புளொக் பாய்ந்தவர் 3 புளொக்குக்கு மேல் பாய்வார். பாய்ச்சல் வலிமை என்ற பண்பை 0.25 ஆக்கினால் உயரம் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆனால் ஒரு பாய்ச்சல் சுமார் ஒரு செக்கன் நீடிக்கும், முன்னர் 0.6. இரண்டு, முடிவு வேகம். ஈர்ப்புப் பண்பு வளித்தடையைத் தொடாததால் அது 78இலிருந்து 24க்கு விழுகிறது. வயிற்றைக் கீழே வைத்து வானிலிருந்து விழும் மனிதருக்கே அது 50க்கு மேல். எனவே 0.0245 குறைந்த உயரங்களுக்குத்தான் பொருந்தும். மலையுச்சிக்குப் போகவே போகாது.

மூன்று, விழுந்தால் வரும் அடி. அது வேகத்தைப் பார்ப்பதில்லை, விழுந்த தூரத்தைத்தான் பார்க்கிறது: தூரத்தில் 3ஐக் கழித்தால் போகும் உயிர்ப்புள்ளி. மொத்தம் 20 புள்ளி, ஆகவே 23 புளொக்கில் சாவு. ஈர்ப்பை எவ்வளவு குறைத்தாலும் இது மாறாது. மோதும் வேகத்தைப் பழையபடி வைக்க வேண்டுமென்றால் பாதுகாப்பான வீழ்ச்சித் தூரத்தை 3இலிருந்து 9.8 ஆகவும், வீழ்ச்சிச் சேதப் பெருக்கியை 1இலிருந்து 0.3 ஆகவும் மாற்றலாம். ஆனால் மூன்று மாடியிலிருந்து குதித்தவர் கீறலில்லாமல் நடப்பது பூமியில் நடக்காத காரியம். உண்மைத்தன்மைதான் நோக்கம் என்றால் அந்த 3ஐத் தொடாமல் விடுவதே நல்லது.

தண்ணீரிலும் கவனம். ஒரு புளொக் ஆழம் இருந்தாலே எவ்வளவு உயர வீழ்ச்சியும் அடியில்லாமல் போய்விடும், ஆழமோ அமுக்கமோ கணக்கில் வராது. கைபேசியின் பெட்ரொக் பதிப்பில் மேற்சொன்ன பண்புக் கட்டளை இல்லை. அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.