மடக்கு மியூசிக் ஸ்டாண்டு: வாங்குவதும் விரிப்பதும் விழாமல் நிறுத்துவதும்

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டம், குழித்துறை. அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. இந்த வட்டாரத்தில் பாடகர் குழுவில் புதிதாகச் சேருகிற யாரும் பாட்டுப் புத்தகத்தை வைத்துப் பார்த்துப் பாட சீக்கிரமே ஒரு மடக்கு மியூசிக் ஸ்டாண்டு வாங்கவேண்டி வரும். ஆலயத்தில் கனமான ஸ்டாண்டுகள் இருந்தாலும் அவை அங்கேயேதான் நிற்கும். கன்வென்ஷன் பந்தல், கல்யாண மண்டபம், கிறிஸ்துமஸ் மேடை என்று வெளியே கிளம்பினால் அவரவர் ஸ்டாண்டை அவரவர்தான் தூக்கிப் போகவேண்டும். வயலின், கீபோர்டு, புல்லாங்குழல் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதே நிலைதான்.

இதுவரை ஸ்டாண்டைக் கையால் தொடாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைக்குப் போனால் எல்லோர் கண்ணும் மேலே புத்தகம் வைக்கிற தட்டுக்குத்தான் போகும். நான் கீழேயிருந்து பார்க்கச் சொல்வேன். முதலில் கால், அப்புறம் திருகு, அதற்கப்புறம் குழாய். தட்டு கடைசியில் போதும்.

முதலில் உங்கள் புத்தகத்தைத் தூக்கிப் பாருங்கள்

சாதாரண 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். நூறு தாள் சேர்ந்தால் அரைக் கிலோ. ரிங் ஃபைலின் அட்டை, வளையம், பிளாஸ்டிக் உறை எல்லாம் சேர்ந்தால் அது முக்கால் கிலோவைத் தாண்டிவிடும். சாதாரண கம்பி ஸ்டாண்டின் மொத்த எடையே கிட்டத்தட்ட ஒரு கிலோதான். நிற்கிற சாமானும் அதன் தலையில் ஏறுகிற சுமையும் ஏறக்குறைய ஒரே எடை என்றால், அது எப்படி ஆடாமல் நிற்கும்?

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தமிழ்ப் பாட்டுக்கு ஒரு லாங் சைஸ் நோட்டு, மலையாளப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்த இன்னொரு நோட்டு, இரண்டுக்கும் நடுவே செருகிய ஜெராக்ஸ் தாள்கள். இத்தனையும் ஸ்டாண்டில் ஏறும். அன்றைக்குப் பாடப்போகும் பாட்டுகளை மட்டும் பிரித்து ஒரு மெல்லிய ஃபைலில் போட்டுக்கொண்டால், விலை குறைந்த ஸ்டாண்டே போதும். எப்போதும் முழுப் புத்தகமும் வேண்டும் என்பவர்கள் கம்பி ஸ்டாண்டு பக்கம் போகவேண்டாம்.

அகலத்தையும் கணக்கில் வையுங்கள். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இரண்டு பக்கமும் திறந்தால் 42 செ.மீ., ஃபைலின் முதுகும் சேர்ந்தால் 50 செ.மீ. வரை போகும். கம்பித் தட்டுகளின் அகலம் பெரும்பாலும் 45 முதல் 50 செ.மீ. வரைதான் இருக்கும். ஆகவே கடைக்குப் போகும்போது உங்கள் ஃபைலையே கையில் எடுத்துப்போங்கள்.

கம்பியா, தகடா

மடக்கு ஸ்டாண்டுகளில் இரண்டு வகை உண்டு. தட்டும் மெல்லிய பட்டைகளாகச் சுருங்கி, மொத்தமும் ஒரு குடை அளவுக்கு வருவது கம்பி ஸ்டாண்டு. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளலாம். முழுத் தகட்டால் ஆன தட்டைத் தனியே கழற்றி, காலை மட்டும் மடக்குவது இன்னொரு வகை. எடை இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். ஆனால் தடித்த புத்தகமோ டேப்லெட்டோ வைத்தால் வளையாது.

சில தகடுகளில் வட்ட வட்டமாக ஓட்டை போட்டிருப்பார்கள். “காத்து அதுவழியாப் போயிரும்” என்று கடைக்காரர் சொல்லக்கூடும். புத்தகத்தை வைத்ததும் ஓட்டையெல்லாம் மூடிக்கொள்ளும், பிறகு காற்று எங்கே போகும்? எடை குறைவதுதான் அந்த ஓட்டைகளால் கிடைக்கும் லாபம்.

வாரம் ஒருமுறை ஆட்டோவிலோ பஸ்ஸிலோ பயிற்சிக்குப் போகும் மாணவருக்குக் கம்பி போதும். மாதத்தில் பல மேடை ஏறுகிறவர் தகட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பது நல்லது.

கடையில் பார்க்கவேண்டியவை

ஸ்டாண்டை உறையிலிருந்து எடுத்து முழுசாக விரித்துக் காட்டச் சொல்லுங்கள். உச்ச உயரத்துக்கு ஏற்றி, உங்கள் ஃபைலை வைத்து, தட்டின் மேல்விளிம்பை ஒரு விரலால் மெதுவாகத் தள்ளுங்கள். கொஞ்சம் ஆடுவதில் தவறில்லை. ஆடிவிட்டுத் தானாக நிலைக்கு வரவேண்டும், அவ்வளவுதான். அடுத்து, தட்டைச் சாய்த்துத் திருகை இறுக்கிவிட்டு ஒரு நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். சாய்வு மெல்ல மெல்ல இறங்கினால் அந்த ஸ்டாண்டு வேண்டாம். குழாயும் அப்படித்தான். தட்டை லேசாகக் கீழே அழுத்தும்போது உள்குழாய் வழுக்கி இறங்கக் கூடாது.

திருகின் தலை பிளாஸ்டிக்காக இருக்கலாம், ஆனால் மரை உலோகமாக இருக்கவேண்டும். பிளாஸ்டிக் மரை சீக்கிரம் தேய்ந்துவிடும். காலின் அடியில் ரப்பர் உறை மூன்றும் இருக்கின்றனவா, பக்கத்தைப் பிடிக்கிற சின்னக் கம்பிக் கைகள் இரண்டும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அப்புறம் ஒரு காரியம். கடைக்காரர் விரித்து மடக்கிக் காட்டும்போது போனில் வீடியோ எடுத்துவையுங்கள். வீட்டுக்குப் போனதும் கம்பித் தட்டை மடக்கத் தெரியாமல் முழிக்காதவர்கள் குறைவு.

விரிக்கும் வரிசை

“மக்களே, கால முதல்ல விரிச்சுப் போடு, பொறவு தலையப் பாக்கலாம்” என்று எங்கள் குழுவில் மூத்த அண்ணன் ஒருவர் ஒவ்வொரு புதுப்பிள்ளையிடமும் சொல்வார். வரிசை அதுதான்.

காலை இணைக்கும் வளையத்தின் திருகைத் தளர்த்தி, வளையத்தைக் கீழ்நோக்கித் தள்ளினால் மூன்று காலும் விரியும். எவ்வளவு விரிப்பது? நடுக்குழாயின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி இருக்கும் வரைக்கும். அதற்கு மேல் தள்ளினால் குழாய் தரையில் முட்டி, காலின் ரப்பர்கள் தரையைச் சரியாகத் தொடாமல் போகும். பிறகு ஸ்டாண்டு பம்பரம் மாதிரி ஆடும். குறைவாக விரித்தால், கால்கள் ஒடுங்கி நின்று தொட்டாலே சாயும். மேடையில் ஸ்டாண்டு விழுவதற்குப் பெரும்பாலும் இந்த ஒடுங்கிய கால்தான் காரணம். இடம் நெருக்கடியாக இருக்கிறதென்று காலைச் சுருக்கிவைப்பார்கள். இடமில்லையென்றால் இரண்டு பேர் ஒரு ஸ்டாண்டைப் பார்த்துப் பாடலாம், காலைச் சுருக்கவேண்டாம்.

கால் நின்றதும் வளையத்தின் திருகை இறுக்குங்கள். இரண்டு விரலால் திருகி, நின்ற இடத்திலிருந்து இன்னும் கால் சுற்று போதும். குறடு போட்டு இறுக்கினால் குழாய் நசுங்கும், அப்புறம் உள்குழாய் மேலேயும் வராது, கீழேயும் போகாது.

இப்போது தட்டு. அதைக் குழாயில் மாட்டுவதற்கு முன் கையிலேயே விரித்துவிடுங்கள். புத்தகம் உட்காரும் கீழ்ப்பட்டைகளை இடமும் வலமும் விரித்தால் மேல்பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகத் திறந்துகொள்ளும். சில மாடல்களில் மேல்பட்டைகளைத் தனியே விரிக்கவேண்டும். எங்காவது மாட்டிக்கொண்டால் பலத்தைக் காட்டாமல் ஒரு படி பின்னால் போய்ப் பாருங்கள். ஏதோ ஒரு பட்டை எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். பட்டை ஒருமுறை வளைந்துவிட்டால் அந்தத் தட்டு பிறகு ஒழுங்காக மடங்காது.

தட்டைக் குழாயின் தலையில் செருகி இறுக்கியபின் உயரத்தை ஏற்றுங்கள். அடியிலுள்ள தடித்த குழாயை முதலில் இழுக்கவும், மேலேயுள்ள மெல்லியதைக் கடைசியில். மெல்லிய குழாய் எவ்வளவு குறைவாக வெளியே வருகிறதோ அவ்வளவுக்கு ஆட்டம் குறையும். உங்கள் உயரம் ஒருமுறை சரியாக அமைந்ததும் அந்த இடத்தில் குழாயின் மேல் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அடுத்தமுறை இருட்டு மேடையில் அளந்துகொண்டு நிற்கவேண்டாம்.

உயரம், சாய்வு, தூரம்

பாடுகிறவருக்குத் தட்டின் மேல்விளிம்பு மோவாய்க்குக் கீழே இருக்கட்டும். தலையைக் குனிந்து பாடினால் தொண்டை நெருக்கும். தட்டு முகத்தை மறைத்தால் குழுத்தலைவரின் கை தெரியாது. கண்ணை மட்டும் தாழ்த்தி வாசித்து, கண்ணை மட்டும் உயர்த்தி அவரைப் பார்க்கிற உயரம்தான் சரி.

வயலின்காரர்கள் ஸ்டாண்டைச் சற்று இடப்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். வயலினின் தலை நீளுகிற பக்கமும் கண் பார்க்கிற பக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். வில் போய்வரும்போது தட்டில் இடிக்காத அளவுக்கு இடைவெளி விடுங்கள். புல்லாங்குழல் வாசிப்பவர் உடம்பைக் கொஞ்சம் திருப்பி நிற்பார். ஸ்டாண்டு பார்க்கவேண்டியது அவர் முகத்தை, அவர் தோளை அல்ல.

பக்கத்தில் மைக் இருந்தால் உலோகத் தட்டில் பட்டுத் திரும்பும் சத்தமும் மைக்கில் ஏறி, குரல் தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் கேட்கும். தட்டைக் கொஞ்சம் படுக்கச் சாய்த்து, அதன்மேல் ஒரு கறுப்புத் துணி விரித்தால் இது குறையும்.

தரையில் உட்கார்ந்து பாடுகிற கர்நாடக சங்கீத மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பல மடக்கு ஸ்டாண்டுகள் எவ்வளவு இறக்கினாலும் தரையில் உட்கார்ந்தவர் கண்ணுக்கு உயரமாகவே இருக்கும். ராமாயண வாசிப்புக்கும் குர்ஆன் ஓதுவதற்கும் வைக்கிற, பெருக்கல் குறி மாதிரி விரிகிற மரப்பலகை இந்தப் பக்கத்து வீடுகளில் பரிச்சயமானதுதான். ஸ்டாண்டுக்குச் செலவழிப்பதைவிட அதுவே உங்களுக்கு உத்தமம்.

காற்று

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைத் தனியாகப் பேசியாகவேண்டும். முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் மேடை போட்டால் பிற்பகலில் தொடங்கும் கடற்காற்று சாயங்காலக் கூட்டம் வரை நிற்காது. கிழக்கே ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கம் கேட்கவே வேண்டாம், முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மாவா நிற்கிறது? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். விரித்த ஃபைல் ஒரு பாய்மரம்தான்.

மேடை ஏறியதும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று பாருங்கள். ஸ்டாண்டு எந்தப் பக்கம் சாயப் பார்க்குமோ அந்தப் பக்கம் ஒரு கால் நீண்டிருக்கட்டும். மூன்று கால் உள்ள எதுவும் இரண்டு காலுக்கு இடைப்பட்ட பக்கமாகத்தான் எளிதில் விழும். முடிந்தால் காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். அப்போது பக்கங்கள் தட்டோடு ஒட்டிக்கிடக்கும், முன்பக்கம் நீட்டிய கால் ஸ்டாண்டைத் தாங்கிக்கொள்ளும். காற்று எதிரே வந்தால் பக்கங்களும் பறக்கும், ஸ்டாண்டும் உங்கள் மேலேயே சாயும்.

அடுத்தது எடை. துணிப்பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் போட்டு, கால் இணைகிற வளையத்தில் தொங்கவிடுங்கள். ஒரு கிலோ கூடிவிட்டது, அதுவும் அடியில். தட்டின் கழுத்தில் மாட்டினால் பயனில்லை, தலைக்கனம்தான் ஏறும்.

தாள் பறக்காமல் இருக்க ஸ்டாண்டோடு வரும் கம்பிக் கைகளை மட்டும் நம்பவேண்டாம். துணி காயப்போடுகிற கிளிப் நான்கு போதும். பக்கம் அடிக்கடி புரட்டவேண்டியிருந்தால் கிளிப்பைக் கழற்றி மாட்ட நேரம் இருக்காது. அதற்குத் தையல் கடையில் கிடைக்கும் அகலமான கறுப்பு எலாஸ்டிக்கைத் தட்டையாக மடித்துப் பிடித்தால் தட்டின் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்படி வளையமாகத் தைத்து, தட்டைச் சுற்றிக் குறுக்காக மாட்டுங்கள். தாளின் கீழ்ப்பகுதியை அது பிடித்துக்கொள்ளும், பக்கத்தை அதனடியிலிருந்து உருவிப் புரட்டலாம். பளபளக்கும் பிளாஸ்டிக் உறையில் தாளைப் போட்டால் ஃபோகஸ் லைட்டில் ஒரு எழுத்தும் தெரியாது, மங்கலான உறையாகப் பார்த்து வாங்குங்கள்.

மடக்குவதும் துருவும்

மடக்கும்போது வரிசை தலைகீழ். புத்தகத்தை எடுத்து, குழாயை முழுசாக இறக்கி, தட்டைக் கழற்றி, கம்பிக் கைகளை உள்ளே திருப்பி, பட்டைகளைச் சுருக்கி, கடைசியில் காலை மடக்குங்கள். குழாயை இறக்கும்போது ஒரு கையால் தட்டைத் தாங்கிக்கொள்ளாவிட்டால் திருகு தளர்ந்த நொடியில் அது சரேலென்று இறங்கி விரலைக் கடிக்கும்.

ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று, இடையில் உப்புக்காற்று. நம் பக்கம் இரும்புக்கு ஓய்வே கிடையாது. நனைந்த ஸ்டாண்டை உறையில் போட்டு மூடாதீர்கள். விரித்தபடியே துடைத்து, ஒரு இரவு ஃபேனுக்கடியில் நிறுத்திவிட்டு மறுநாள் உறையில் போடுங்கள். பட்டைகள் சேரும் ஆணிமுனைகளில் எப்போதாவது ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுத்து அழுக்குச் சேரும். குழாய்க்குள் எந்த எண்ணெயும் விடக்கூடாது. திருகு அங்கே இறுகிப் பிடிக்கவேண்டும், எண்ணெய் பட்டால் வழுக்கும்.

திருகின் பிளாஸ்டிக் தலை உடைந்துபோனால் ஸ்டாண்டைத் தூக்கிப்போடவேண்டியதில்லை. உடைந்த திருகை ஹார்டுவேர் கடைக்குக் கொண்டுபோய் அதே மரையில் விரலால் திருகுகிற போல்ட் கேளுங்கள். ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, மிஞ்சியதை உறைக்குள்ளேயே டேப் போட்டு ஒட்டிவையுங்கள்.