கேம் பாய் கேமரா: படம் போன பிறகு வருந்தாமல் இருக்க, தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிண்டெண்டோவின் கேம் பாய் கேமரா 1998 பிப்ரவரியில் ஜப்பானில் ‘பாக்கெட் கேமரா’ என்ற பெயரிலும், அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. கேம் பாய் என்பது கையில் வைத்து விளையாடும் நிண்டெண்டோ கருவி. அதில் செருகும் கேம் காட்ரிட்ஜின் தலையில் சுழலும் உருண்டையாக ஒரு லென்ஸ். எடுக்கும் படம் 128 × 112 பிக்சல், கறுப்பிலிருந்து வெள்ளை வரை நான்கே சாயல். உள்ளே 30 படங்களுக்கு இடம். மும்பையில் இன்று யார் கையில் கிடைத்தாலும் அது கால் நூற்றாண்டைத் தாண்டிய பொருள். அதனால் இதில் செய்யும் தவறுகள் புதுக் கேமராவில் செய்யும் தவறுகளைப் போன்றவை அல்ல. பலவற்றைச் சரிசெய்துவிடலாம். ஒன்றை மட்டும் முடியாது: உள்ளே இருக்கும் படங்களை நகலெடுக்காமல் கேமராவைத் திறப்பது.

காரணம் எளிது. இதில் மெமரி கார்டு கிடையாது. படங்கள் எஸ்ரேம் என்ற 128 கிலோபைட் நினைவகச் சில்லில் இருக்கின்றன, மின்சாரம் இல்லாவிட்டால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். கேம் பாயை அணைத்த பிறகு அந்தச் சில்லுக்கு மின்சாரம் கொடுப்பது பலகையில் பற்றவைத்த ஒரு 3 வோல்ட் பட்டன் செல். செல் தீர்ந்தாலோ, கழற்றினாலோ முப்பது படங்களும் போய்விடும். பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இங்கே பலர் ஏமாறுவது ஒரு சின்ன விஷயத்தில். கேம் பாய் ஓடிக்கொண்டிருக்கும்போது எஸ்ரேமுக்கு மின்சாரம் கேம் பாயிலிருந்தே வருகிறது. ஆகவே செல் செத்த கேமராவும் படம் எடுக்கும், சேமிக்கும், ஆல்பத்தில் காட்டும். அணைத்தால்தான் குட்டு வெளிப்படும். விற்பவர் கண்முன்னே ஒரு படம் எடுத்துக் காட்டினார் என்பதற்காகச் செல் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். ஒரு படத்தைச் சேமித்து, கேம் பாயை அணைத்து, காட்ரிட்ஜை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் வைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஆல்பம் காலியாக இருந்தால் செல் போய்விட்டது. அதற்காக வாங்காமல் விட வேண்டியதில்லை, விலையில் குறைத்துக் கேட்கலாம். ஆல்பத்தில் முந்தைய உரிமையாளரின் பழைய படங்கள் அப்படியே இருந்தால் அது நல்ல அறிகுறி. அவற்றையும் அழிக்காமல் நகலெடுத்து வையுங்கள். யாரோ ஒருவர் வீட்டின் ஒரே பிரதியாக இருக்கக்கூடும்.

நகலெடுப்பதில் நடக்கும் பிழைகள்

திரையை மொபைலால் படம் பிடிப்பது நகல் ஆகாது. காட்ரிட்ஜைக் கணினியில் படிக்கும் ரீடர் வேண்டும். ஜிபிஎக்ஸ்கார்ட் ஆர்டபிள்யூ என்ற ரீடரும் ஃபிளாஷ்ஜிபிஎக்ஸ் என்ற இலவச மென்பொருளும் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன. அந்த மென்பொருள் கேம் பாய் கேமராவை அடையாளம் கண்டு படங்களைத் தனித்தனியாகவே எடுத்துத் தரும்.

ரீடரில் போடும் முன் காட்ரிட்ஜின் பித்தளை நிறத் தொடுமுனைகளைத் துடையுங்கள். 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த இயர் பட்ஸ் போதும். கறுப்பு வருவது நிற்கும்வரை புதுப் பட்ஸ் மாற்றித் தேய்த்து, பத்து நிமிடம் உலரவிட வேண்டும். பென்சில் அழிப்பானால் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, அது மேல்பூச்சைச் சுரண்டிவிடும். ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் அரிப்பைத் தொடங்கி வைக்கும். கடலோரக் காற்றில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ரீடரில் கேம் பாய் முறையைத் தேர்ந்தெடுங்கள். கேம் பாய் காட்ரிட்ஜ் 5 வோல்ட்டில் ஓடுவது, கேம் பாய் அட்வான்ஸ் காட்ரிட்ஜ் 3.3 வோல்ட். இரண்டையும் மாற்றிப் போட்டால் படிப்பது குப்பையாக வரும். அடுத்து, படங்கள் அடங்கிய ‘சேவ்’ கோப்பைப் படிக்கும் பொத்தானும் எழுதும் பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அவசரத்தில் எழுதும் பொத்தானை அழுத்தினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். வாசித்துவிட்டு அழுத்துங்கள்.

கோப்பின் அளவு சரியாக 131072 பைட் இருக்க வேண்டும். கூடவோ குறையவோ இருந்தால் அது நகல் இல்லை. அளவு சரியாக இருந்தாலும் போதாது. காட்ரிட்ஜைக் கழற்றி மாட்டி இரண்டாம் முறை படித்து, இரண்டு கோப்புகளும் பைட்டுக்குப் பைட் ஒன்றா என்று பாருங்கள். வேறுபட்டால் தொடுமுனையில் அழுக்கு மிச்சம் இருக்கிறது, மறுபடி துடைக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும்.

தவறுதலாகப் படத்தை ‘டெலீட்’ செய்துவிட்டவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கேமரா படத்தை அழிக்கும்போது அட்டவணையில் அந்த இடத்தைக் ‘காலி’ என்று குறிக்கிறது, அவ்வளவுதான். படத்தின் பிக்சல்கள் அதே இடத்தில் கிடக்கும், அடுத்த படம் மேலே எழுதப்படும் வரை. எனவே அழித்தது தெரிந்தவுடன் புதுப் படம் எடுப்பதை நிறுத்துங்கள், கோப்பைப் படித்து வெளியே எடுங்கள். கோப்பில் முதல் 8192 பைட் கேமராவின் சொந்தத் தகவல். அதன் பிறகு ஒவ்வொரு 4096 பைட்டும் ஒரு படத்தின் இடம், அதில் முதல் 3584 பைட் படமே. அட்டவணையைக் கையால் திருத்தித் திரும்ப எழுதிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். அந்தப் பகுதிக்குச் சரிபார்ப்புத் தொகை உண்டு. அது பொருந்தாவிட்டால் கேமரா அதைக் கெட்ட தகவல் என்று எடுத்துக்கொள்ளும். கணினியில் பிரித்தெடுப்பதே பாதுகாப்பு.

செல் மாற்றும்போது

மும்பையின் மின்னணுச் சந்தையான லேமிங்டன் ரோட்டில் ஸ்க்ரூ டிரைவர் கேட்பதற்கு முன் உங்கள் கேமராவின் திருகுத் தலையைப் பாருங்கள். நிண்டெண்டோ காட்ரிட்ஜ்களில் வழக்கமாக இருப்பது ‘கேம்பிட்’ என்ற 3.8 மில்லிமீட்டர் சிறப்புத் திருகு. கேம் பாயின் உடலில் மூன்று கால் கொண்ட ட்ரை-விங். பேனாவின் பிளாஸ்டிக்கை உருக்கித் திருகில் பதித்துத் திறக்கும் வித்தையால் திருகுத் தலை வழுக்கி வீணாகும். அதன்பின் துளையிட்டுத்தான் திறக்க வேண்டிவரும்.

செல்லின் எண்ணை எங்கோ படித்து வாங்காமல், உள்ளே இருக்கும் செல்லின் முதுகில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதே எண்ணை வாங்குங்கள். விட்டமோ தடிமனோ கூடினால் மூடி மூடாது. முக்கியமானது: இரண்டு உலோகக் கால்களும் தொழிற்சாலையிலேயே பற்றவைத்த செல்தான் வேண்டும். சாதாரண பட்டன் செல்லின் மேல் நேரடியாக ஈயம் வைத்தால் லித்தியம் சூடேறி வெடிக்கலாம். பழைய செல்லின் காலைப் பிய்த்து டேப் போட்டு ஒட்டுவதும் நிலைக்காது. மும்பையின் ஜூலை ஈரத்தில் டேப்பின் பசை இளகும், ஒரு குலுக்கலில் தொடர்பு விட்டுப்போகும், படங்கள் மறுபடி காணாமல் போகும்.

சால்டரிங் அயர்னை 350 டிகிரி அளவில் வைத்து, ஒரு முனைக்கு மூன்று நொடிக்கு மேல் தொடாதீர்கள். அதற்குள் ஈயம் இளகவில்லை என்றால் எடுத்துவிட்டு, ஈயம் நன்றாக ஓட உதவும் ஃப்ளக்ஸும் கொஞ்சம் புது ஈயமும் சேர்த்து மறுபடி முயல வேண்டும். இழுத்துப் பிடுங்கினால் பலகையின் செப்புத் தடமே உரிந்து வரும். செல்லைக் கழற்றும் முன், பலகையில் உள்ள கூட்டல் குறியைப் படம் எடுத்து வையுங்கள். முடித்தபின் மல்டிமீட்டரில் 3 வோல்ட் அருகில் காட்ட வேண்டும். பிறகு கணினியில் இருக்கும் சேவ் கோப்பைத் திரும்ப எழுதினால் பழைய ஆல்பம் அப்படியே வந்து நிற்கும்.

திறந்திருக்கும்போது லென்ஸ் உருண்டைக்குச் செல்லும் மெல்லிய கம்பிகளைக் கவனியுங்கள். அவை ஒரு சிறு இணைப்பியில் மாட்டப்பட்டவை. மேல்மூடியை வேகமாகத் தூக்கினால் இணைப்பி கழன்றுவிடும் அல்லது கம்பி அறுந்துவிடும். மெனுவும் இசையும் ஓடி, படம் மட்டும் வராமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். உருண்டை 180 டிகிரிதான் சுழலும். முட்டி நிற்கும் இடத்தைத் தாண்டித் திருப்பக் கூடாது.

எந்தக் கருவியில் போடுவது

முதல் கேம் பாய், அதன் பின் வந்த கேம் பாய் பாக்கெட், கலர், அட்வான்ஸ், அட்வான்ஸ் எஸ்பி எல்லாவற்றிலும் ஓடும். வேறு நாட்டுக் கருவியில் ஓடாதபடி தடுக்கும் பூட்டு கிடையாது. ஜப்பான் கேமரா எங்கும் வேலை செய்யும், மெனு மட்டும் ஜப்பானிய மொழியில் இருக்கும். வாங்கக் கூடாதது நிண்டெண்டோ டிஎஸ். அதன் கீழ்ப்பக்கத் துளை அட்வான்ஸ் காட்ரிட்ஜுக்கானது, பழைய கேம் பாய் காட்ரிட்ஜை ஏற்காது. கேம் பாய் மைக்ரோவும் அப்படியே. எஸ்பியில் துளை கீழ்விளிம்பில் இருப்பதால் கேமரா உங்கள் வயிற்றுப் பக்கம் தொங்கும். படம் எடுப்பதே நோக்கம் என்றால் கலர் அல்லது பாக்கெட் நல்லது.

புதுத் திரையும் சார்ஜ் ஏறும் பேட்டரியும் பொருத்திய கருவிகளில் படத்தில் கோடுகள் விழுந்தால் கேமராவைக் குறை சொல்வதற்கு முன், மாற்றம் செய்யாத கருவி ஒன்றில் போட்டுப் பாருங்கள். மலிவான மின்மாற்றச் சுற்றின் இரைச்சல் அப்படித் தெரியலாம். படப்பிடிப்பு மெனுவில் ‘ரன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் திடீரென்று ஒரு விகார முகம் வந்து ‘யாரிடமிருந்து ஓடுகிறாய்?’ என்று ஆங்கிலத்தில் கேட்கும். இதைக் கண்டு காட்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்று பயந்தவர்கள் உண்டு. அது நிண்டெண்டோ வைத்ததே.

வெளிச்சம்

படம் மோசமாக வருவதற்குப் பெரும்பாலும் காரணம் வெளிச்சம்தான். சென்சார் நிறத்தைப் பார்ப்பதில்லை. மாட்டுங்கா பூக்கடையில் கனகாம்பரமும் மருக்கொழுந்தும் கண்ணுக்கு எவ்வளவு வேறாக இருந்தாலும், இரண்டும் ஒரே அளவு வெளிச்சத்தைத் திருப்பினால் ஒரே சாம்பலாகிவிடும். தொடுத்த மல்லிகையின் இதழ்களும் 128 பிக்சலில் தங்காது. பூக்குவியலை விட்டுவிட்டு, கூடையின் வட்டத்தையும் பூக்காரரின் முகத்தையும் பக்கவெளிச்சத்தில் எடுங்கள்.

மரைன் டிரைவ் மேற்கே கடலைப் பார்த்தது. மாலையில் ஒருவரைக் கடலுக்கு முன்னால் நிறுத்தி எடுத்தால் வானம் முழு வெள்ளை, முகம் முழுக் கறுப்பு. நான்கு சாயலில் இடையில் எதுவும் மிஞ்சாது. நீங்கள் கடலுக்கு முதுகு காட்டி நின்று, அவரைச் சூரியனைப் பார்க்கச் செய்யுங்கள். மழைக்காலத்தின் மூட்ட வெளிச்சம் முகங்களுக்கு அருமையானது, அதில் வானத்தை மட்டும் சட்டகத்துக்கு வெளியே தள்ளினால் போதும். மே மாத நண்பகலில் நிழலுக்குள் போய்விடுவதே வழி. திசைப் பட்டனால் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் படத்துக்குப் படம் மாற்றுங்கள். முகத்தில் நான்கில் குறைந்தது மூன்று சாயலாவது தெரிய வேண்டும்.

இருட்டில் திரை தயங்கித் தயங்கி நகர்ந்தால், கேமரா ஒவ்வொரு சட்டகத்துக்கும் நீண்ட நேரம் வெளிச்சம் சேர்க்கிறது என்று பொருள். அப்போது கை அசைந்தால் படம் கலங்கும். முழங்கைகளை மேசையில் ஊன்றுங்கள். ஓடும் லோக்கல் ரயிலை அந்த நேரத்தில் முயல வேண்டாம்.

குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்தவுடன் எடுக்காதீர்கள். லென்ஸில் ஈரம் படியும், கால் மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காது.

பகிர்தலும் அச்சும்

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது ஜேபெக் ஆகி நசுங்கும். கேம் பாய் கேமராவின் புள்ளிக்கோலம் பிக்சல் பிக்சலாக அமைந்தது. ஜேபெக்கின் மங்கல் அதைச் சேறாக்கிவிடும். பி.என்.ஜி. கோப்பாகச் சேமித்து, ‘டாக்குமென்ட்’ என்று அனுப்புங்கள். பெரிதாக்கும்போது முழு எண் மடங்காக, பிக்சலை மங்கலாக்காத ‘நியரஸ்ட் நெய்பர்’ முறையில் செய்ய வேண்டும்: 8 மடங்கில் 1024 × 896. ஓரச்சட்டத்தோடு இருந்தால் படம் 160 × 144, அது 8 மடங்கில் 1280 × 1152. 7.5 மடங்கு என்று வைத்தால் சில பிக்சல்கள் தடித்தும் சில மெலிந்தும் கோலம் கலையும்.

படங்களைத் தாளில் அச்சிடும் கேம் பாய் பிரிண்டருக்கு ஆறு டபுள் ஏ செல்கள் வேண்டும். சூடாகும் அச்சுத்தலை நிறைய மின்சாரம் இழுக்கும், மலிவான கார்பன் ஜிங்க் செல்லில் பாதிப் படம் வெளுத்து வரும். அல்கலைன் போடுங்கள். பிரிண்டரின் கேபிளைச் செருகும் லிங்க் துளை முதல் கேம் பாயில் பெரியது, பாக்கெட் முதல் சிறியது. கேபிளின் முனையைப் பார்த்து வாங்க வேண்டும். தாள் 38 மில்லிமீட்டர் அகலத் தெர்மல் சுருள். அப்துல் ரஹ்மான் தெருவின் காகிதக் கடைகளில் கேட்டால் கிடைக்கக்கூடியது பில் மெஷினுக்கான 57 மில்லிமீட்டர் சுருள். அதை விரித்து, நேர்விளிம்பு வைத்து 38க்கு வெட்டி, சில மீட்டர் மட்டும் இறுக்கிச் சுற்றிப் போடலாம். ஓரம் கோணலானால் தாள் சிக்கும். எந்தப் பக்கம் அச்சாகும் என்பது நகத்தால் வேகமாக ஒரு கீறல் போட்டால் தெரியும், கறுக்கும் பக்கம் அச்சுத்தலையைப் பார்க்க வேண்டும். அச்சான படத்தைப் பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள், சானிடைசர் பட்ட கையால் தொடாதீர்கள், வெயிலில் ஒட்டாதீர்கள். மூன்றும் படத்தை வெளுக்கவைக்கும். அச்சிட்ட அன்றே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள்.