வெவ்வேறு வகைக் கணினிகளுக்கிடையே கவுண்டர் தவறாகக் காட்டினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு தரவு மையத்தில் நான் பணிபுரிந்தபோது, ஸ்பார்க் வகைச் செயலி கொண்ட பழைய சர்வரின் கவுண்டர் (கடந்துசென்ற பாக்கெட்டுகளை, அதாவது தரவுப் பொட்டலங்களை, எண்ணிவைக்கும் எண்) அனுப்பிய 1000 என்ற எண்ணிக்கை, எக்ஸ்86 (இன்டெல் வகைச் செயலி) கணினியின் கண்காணிப்புத் திரையில் 3,892,510,720 என்று தெரிந்தது. உடனே கேபிளையும் சுவிட்சையும் மாற்றிப் பார்த்ததுதான் நாங்கள் செய்த முதல் தவறு. 1000 என்பது ஸ்பார்க்கில் 0, 0, 3, 232 என்ற நான்கு பைட்டுகளாக இருக்கிறது. அதே பைட்டுகளை எக்ஸ்86 கடைசியிலிருந்து படித்ததால்தான் அந்தப் பெரிய எண் வந்தது. வயர்ஷார்க் என்ற பாக்கெட் ஆய்வுக் கருவியில் பாக்கெட்டைப் பிடித்து, பைட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும்.

ஒரே வகைக் கணினிகள் இரண்டை வைத்துச் சோதித்துவிட்டு நிரல் சரி என்று முடிவுகட்டுவது இதைவிடப் பெரிய தவறு. அனுப்பும் எக்ஸ்86, பெறும் எக்ஸ்86 ஆகிய இரண்டுமே பைட் வரிசையைப் பொதுவான வரிசைக்கு மாற்ற மறந்திருந்தாலும், எண் சரியாகவே வந்துசேரும். 64 பிட் கவுண்டரை இரு 32 பிட் பாதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் திருத்தி, பாதிகளின் வரிசையை மட்டும் மாற்றாமல் விடுவதையும் பலமுறை கண்டிருக்கிறேன்.

பைட் வரிசை ஒன்றாக இருந்தாலும் ஆபத்து நீங்குவதில்லை. 4 பைட் எண்ணை அடுத்து 8 பைட் எண் வரும் ஸ்ட்ரக்சர் (பல எண்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் நிரல் அமைப்பு), லினக்ஸில் 32 பிட் எக்ஸ்86 கணினியில் 12 பைட்டும், 64 பிட்டில் இடைவெளியோடு 16 பைட்டும் பிடிக்கும். ஆகவே ஸ்ட்ரக்சரை அப்படியே அனுப்பாமல், ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக எழுதி அனுப்ப வேண்டும்.

கவுண்டர் சுழன்று மீண்டும் பூஜ்யத்துக்கு வருவதை மறப்பது இன்னொன்று. 32 பிட் பைட் கவுண்டர், முழு வேகத்தில் ஓடும் 100 மெகாபிட் இணைப்பில் சுமார் 343 விநாடிகளில் சுழலும் என்பதால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிப்பது அன்று போதுமானதாக இருந்தது. சிங்கப்பூரில் வீடுகளுக்கே வந்துவிட்ட 10 ஜிகாபிட் வேகத்திலோ அது 3.4 விநாடிகளில் சுழன்றுவிடும். இதற்கு 64 பிட் கவுண்டர் தேவை. கவுண்டர்களைப் படிக்க உதவும் எஸ்என்எம்பி என்ற கண்காணிப்பு நெறிமுறையின் முதல் பதிப்பு அதைத் தராது என்பதால், குறைந்தது 2சி பதிப்புக்கு மாற வேண்டும். மேலும், எண் குறைந்திருப்பதைக் கண்டவுடன் சுழற்சி என்று கருதாமல், சாதனம் எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்பதையும் உடன் படித்து, அது இடையில் மறுதொடக்கம் ஆகவில்லை என்று உறுதிசெய்த பிறகே கணக்கிட வேண்டும்.