டூர் காசுக்கு சீசன் வேலை: கன்னியாகுமரி மாவட்டத்தில் பிடிப்பது எப்படி?

கன்னியாகுமரியிலிருந்து கிளம்பும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஏறி ஜம்முவில் இருக்கும் கத்ரா வரை போகவேண்டும் என்று கல்லூரி இரண்டாம் வருடத்தில் ஆசை வந்தது. வீட்டில் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். அதனால் வேலை தேடினேன். தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். பதினெட்டு வயது முடிந்தவர்களுக்கு மட்டும்.

படி 1: ரூபாயை நாளாக்குங்கள்

டூருக்கு 12,000 ரூபாய் வேண்டும் என்றால் மலைப்பாக இருக்கும். உதாரணத்துக்கு நாள் கூலி 600 என்று வையுங்கள். பஸ்ஸுக்கும் டீக்கும் 100 போனால் மிச்சம் 500. ஆக, 24 நாள் வேலை, அவ்வளவுதான். ஐயப்ப சீசனில், அதாவது கார்த்திகை 1 முதல் மகரவிளக்கு வரை, சனி, ஞாயிறு மட்டும் போனாலே 16, 17 நாள் தேறும். மீதியைக் கிறிஸ்துமஸ் லீவில் எடுத்துவிடலாம். கூலி இடத்துக்கு இடம் மாறும், உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

படி 2: உங்கள் லீவுக்குப் பொருந்தும் சீசன் எது?

அதிகாலையில் எழ முடியுமென்றால் ஓணம் நேரத்துத் தோவாளை பூச்சந்தை. அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாளும் கேரளத்தில் பூக்களம் போடுவார்கள். கேந்தியும் (செண்டுமல்லி) வாடாமல்லியும் மூட்டை மூட்டையாக எல்லை தாண்டும். மூட்டை பிரிக்க, எடை போட, வண்டியில் ஏற்ற ஆள் தேவைப்படும்.

கல்யாண மாதங்களில் பந்தி பரிமாறப் போகலாம். நம் ஊர் வரிசை தெரிந்திருக்க வேண்டும்: பாயசம் வந்த பிறகுதான் ரசம். தெரியாமல் ரசவாளியோடு முன்னால் போனால் பந்தியே சிரிக்கும்.

ரப்பர் வெட்டுக்கு ஆசைப்படாதீர்கள். கை பழகாதவன் கத்தி வைத்தால் மரத்துக்குத்தான் காயம்.

நான் போனது கன்னியாகுமரியில் ஐயப்ப சீசன் கடைக்கு. சங்கு, பாசிமாலை, சாவிக்கொத்து. முதல் நாள் ஒரு தெலுங்கு சாமி மாலையைத் தூக்கிக் காட்டி "எந்த?" என்றார். நான் "எந்த மாலை சாமி?" என்று திருப்பிக் கேட்டேன். அவர் மறுபடியும் "எந்த?" பக்கத்துக் கடை அக்கா சிரித்துக்கொண்டே, "மக்கா, வெலை கேக்காரு" என்றாள். தெலுங்கில் எந்த, மலையாளத்தில் எத்ர, கன்னடத்தில் எஷ்டு, இந்தியில் கித்னா. இந்த நான்கோடு பத்து முதல் ஐந்நூறு வரை எண்களையும் படித்துக்கொண்டு போங்கள். முதலாளி உங்களை விடமாட்டார்.

படி 3: நேரில் போய்க் கேளுங்கள்

சீசனுக்கு இரண்டு வாரம் முன்பே போங்கள். சூரிய உதயம், அஸ்தமனம் பார்க்கக் கூட்டம் வரும் நேரத்தில் யாரும் உங்களிடம் பேசமாட்டார்கள். மதியம் மூன்று மணி வாக்கில் கடை ஓய்ந்திருக்கும். "அண்ணாச்சி, சீசனுக்கு ஆள் வேணுமா? சனி, ஞாயிறு முழுசா நிப்பேன், பரீட்சை வாரம் மட்டும் வரமாட்டேன்" என்று வரமுடியாத நாளையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

டெலிகிராமில் "வீட்டிலிருந்தே பார்ட் டைம்" என்று வந்து முதலில் பணம் கட்டச் சொன்னால் அது வேலையே இல்லை. கட்டி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

படி 4: கூலியைப் பேசிவிட்டு நில்லுங்கள்

இதில்தான் நான் கோட்டை விட்டேன். முதலில் நின்ற ஒரு கடையில் "பாத்துத் தாறேன்" என்றார்கள், நானும் தலையாட்டினேன். நான்கு நாள் கழித்துக் கையில் வைத்தது இரண்டு நாள் கூலிகூட வராது. சண்டை போட ஒன்றுமில்லை, பேசவே இல்லையே! எவ்வளவு, தினமா வாரமா, சாப்பாடு உண்டா, ராத்திரி எத்தனை மணிக்கு விடுவார்கள், அப்போது ஊருக்குக் கடைசி பஸ் இருக்குமா, எல்லாம் முதலிலேயே கேட்கவேண்டியவை. வேலை பார்த்த நாளையும் வாங்கிய தொகையையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள்.

படி 5: காசைக் கண்ணில் படாமல் வையுங்கள்

ஜிபே இணைத்த கணக்கில் போட்டால் பரோட்டாக் கடைக்கே போய்விடும். தபால் நிலையத்தில் 500 ரூபாய்க்குச் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். ஏடிஎம் கார்டு வாங்காதீர்கள். பாஸ்புக்கோடு போய் வரிசையில் நிற்கும் சோம்பலே காசைக் காப்பாற்றும்.

இப்போது ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஏப்ரல் கடைசியில் கிளம்ப பிப்ரவரி கடைசியில் டிக்கெட் போடவேண்டும், அதற்குள் சீசன் காசு முழுதும் கைக்கு வந்திருக்கும். முன்பதிவு காலை 8 மணிக்குத் திறக்கும், தயாராக இருங்கள். கத்ராவுக்கு மூன்று ராத்திரிப் பயணம். சைடு லோயர் கிடைத்தால் விடாதீர்கள்.